பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள்

அத்தியாயம் 3

அஞ்சுகிராமத்துத் தபால் நிலையத்தில் ஒரு பகல் முழுவதையும் தொலைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில், நேசபாய்க்குக் கட்டிலை விட்டு இறங்கவே மனம் வரவில்லை. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு முட்டிலும் வலி. போலீசில் முப்பத்திரண்டு வருடம் தேய்ந்து, சப்-இன்ஸ்பெக்டராக விருப்ப ஓய்வு பெற்று, சும்மா இருக்கத் தெரியாமல் நாகர்கோவிலில் ஒரு மாடி அறையை எடுத்துத் துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டி நான்கு வருடமாகிறது. வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, துபாயில் உண்மையிலேயே எஞ்சினியர்தானா, முன்னால் ஒரு கல்யாணம் நடந்து முறிந்ததா. கேட்டுக் கேட்டு அவளுக்கு மனிதர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்திருந்தது.

இந்த வழக்கு அந்த வகையில் சேராது என்பதால்தான் ஒப்புக்கொண்டாள். இப்போது அதற்கும் வருத்தப்பட்டாள்.

வழக்கைக் கொண்டுவந்தவர் கிருஷ்ணமணி. சுசீந்திரத்துக்காரர், கையில் எப்போதும் ஒரு தோல் பை, பேச்சில் எப்போதும் ஒரு தயக்கம். சென்னையில் 'கடலரண்' என்றொரு அறக்கட்டளை இருக்கிறது. பெரிய தொழில் குடும்பம் ஒன்று நடத்துவது. கடலைக் காப்பாற்றும் ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுப்பது அதன் வேலை. இந்த மாவட்டத்துக்குக் கிருஷ்ணமணிதான் அதன் மேலாளர்.

அந்தப் பணத்தில் டாக்டர் அஜிஷா என்ற ஆராய்ச்சியாளர் முட்டம் கடலில் இரண்டு வருடம் ஆய்வு செய்திருந்தார். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். மீன் வந்து முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேதான். அந்தப் பார்களின் மேல் புதிதாகச் சேறு படிகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஆய்வு முடிந்து, அறிக்கை அறக்கட்டளையின் கைக்குப் போய் ஏழு மாதமாகிறது.

போன மாதம் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அஜிஷா கடலுக்கே போகாமல் போனதாக எழுதி ஏமாற்றினார் என்று அதில் இருந்தது. படகு இறங்காத நாட்கள் என்று பதினோரு தேதிகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு பிரதி அறக்கட்டளைக்கு, ஒரு பிரதி அஜிஷா வேலை பார்க்கும் கல்லூரிக்கு. கல்லூரி முதல்வர் நழுவிக்கொண்டார். பெயரில்லாத கடிதத்தை வைத்து மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாதாம். பணம் கொடுத்த அறக்கட்டளை தானே விசாரித்து, புகாரில் ஏதோ இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தால், பல்கலைக்கழக விதிப்படி வெளியாட்கள் மூன்று பேர் கொண்ட குழு உட்காரும்; குழு முடிவு சொல்லும்வரை அஜிஷா வேலையிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

எழுதியது யார், எழுதியது உண்மையா. இந்த இரண்டையும் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று கிருஷ்ணமணி கேட்டார். பொய் என்று தெரிந்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்பதை மட்டும் அவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

உறையின் மேல் அஞ்சுகிராமம் தபால் முத்திரை இருந்தது. அதை நம்பிப் போனதில், பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு உறைகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது.

நேசபாய் கட்டிலில் உட்கார்ந்தபடியே கடிதத்தை மறுபடி எடுத்தாள். எதிர்ச் சுவரில் சபையின் காலண்டர் தொங்கியது. பழைய வருடத்துக் காலண்டரை எடுத்துப் போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. புதியதை அதன் மேலேயே மாட்டிவிடுவாள். ஒவ்வொன்றாகத் தூக்கி, கடிதத்தில் இருந்த தேதிகளை ஒத்துப் பார்த்தாள். முதல் தேதி சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. பதினொன்றும் சிவப்பு. பதினொன்றும் ஞாயிற்றுக்கிழமைகள்.

அப்போதுதான் எட்சன் ரசவடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். செத்துப்போன கணவரின் அக்கா மகன். மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான், வாய் மட்டும் இன்னும் இருபதில் நின்றது. அவளுக்கு அவன்தான் உதவியாளன், ஓட்டுநர், சில நாட்களில் தலைவலி.

விஷயத்தைச் சொன்னதும் அவன் வடையை மென்றுகொண்டே வழக்கை முடித்துவிட்டான். முட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்காது. தேவாலயத்தில் பூசை நாள். அது ஊர்க்கட்டுப்பாடு. அன்றைக்குப் போனதாக அந்தப் பெண் எழுதியிருந்தால் அது பொய்தான். கடுதாசி எழுதினவன் யாரோ யோக்கியன்.

"இன்னைக்காவது வீட்டுல இருப்போம் மாமி. நேத்து அந்தப் பெட்டி முன்னால இன்னும் ஒரு மணிக்கூர் நின்னிருந்தா எனக்க நெற்றியிலயும் முத்திரை குத்தியிருப்பாவ."

கடிதத்தில் வேறொன்று நேசபாயை உறுத்தியது. அவள் வேலையில் இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான மொட்டைக் கடுதாசிகளை வாசித்திருக்கிறாள். கோபம் கொப்பளிக்கும், கெட்ட வார்த்தை இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும், ஒன்றைச் சொன்னால் நூறைக் கூட்டிச் சொல்லும். இந்தக் கடிதத்தில், 'இந்நாட்களில் படகு சென்றிருக்க வாய்ப்பில்லை எனத் தோன்றுகிறது. எனினும் இது சரிபார்க்கப்பட வேண்டும்' என்று இருந்தது.

அதை அவனிடம் வாசித்துக் காட்டினாள். எட்சன் கொஞ்சம் யோசித்தான்.

"இவ்வளவு மரியாதையா ஒருத்தனும் என்னைத் திட்டினதில்லை மாமி" என்றான்.

அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். முட்டு வலிக்கு எல்லோரும் வைத்தியசாலைக்குப் போவார்கள், முட்டத்துக்குப் போகிறது மாமி ஒருத்திதான் என்று எட்சன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். மழை விட்டிருந்தது. வயல்களில் தண்ணீர் நின்றது. நேசபாய் ஒன்றையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அஜிஷாவைக் கடலுக்குக் கூட்டிப்போனவர் அல்போன்ஸ் என்று கிருஷ்ணமணியின் காகிதத்தில் இருந்தது. அறுபது வயதுக்காரர். வீட்டு முன்னால் நைலான் வலையைப் பரப்பி ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். முன்னாள் போலீஸ் என்று தெரிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். அஜிஷாவின் பேரைச் சொன்னதும் இறுக்கம் இன்னும் கூடியது. எட்சன்தான் பக்கத்தில் குந்தி, வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மஸ்கட்டில் அவர் ஊர்க்காரர்களோடு ஒரே அறையில் தங்கிய கதையைச் சொல்லி அவரை இளக்கினான்.

நேசபாய் நேராகவே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனது உண்டா.

உண்டு என்றார் அல்போன்ஸ்.

எட்சன் வலையை விட்டுவிட்டான்.

அல்போன்ஸ் சொன்னது இது. மொத்தம் அறுபத்து நாலு தடவை போனார்கள். பெரும்பாலும் சாதாரண நாட்கள்தான். முதல் சில மாதம் போனபிறகு அந்தப் பெண் வந்து, ஒரு சில ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும் என்று கேட்டது. மற்ற நாட்களில் இருநூறு வள்ளமும் விசைப்படகும் ஓடிக் கடல் கலங்கிக் கிடக்கிறது. சேறு படகுகளால் எழும்பியதா வெளியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியவில்லை. கடல் ஓய்ந்திருக்கும் நாளில் எடுத்தால்தான் தெரியும் என்றது. அவர் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க்கமிட்டி கூடியபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவே தனியாக எழுந்து நின்று கேட்டது. கமிட்டி ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, வலையும் தூண்டிலும் இல்லாமல் போவதானால் போகலாம் என்று தீர்மானித்தது.

"ஒவ்வொரு தடவையும் கமிட்டிக்காரன் ரெண்டு பேரு வந்து வள்ளத்தைத் தடவிப் பாத்துத்தான் விடுவாவ. கோயில் படியில நின்னு ஊரே வேடிக்கை பாக்கும். கடல்ல எங்க வள்ளம் ஒண்ணே ஒண்ணு. அதைப் பாக்காதவன் இந்த ஊருல கண்ணு தெரியாதவன்தான்."

மற்ற நாட்களில் போனதை யாராவது பார்த்திருப்பார்களா என்று நேசபாய் கேட்டாள். அவர் சிரித்தார். இருநூறு வள்ளத்தில் ஒரு வள்ளத்தை யார் பார்ப்பார்கள்.

போன தேதிகளை அவர் எங்காவது குறித்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டாள். தேதி தனக்கு எதற்கு என்றார். எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் ஒரு நோட்டில் எழுதும். அந்த நோட்டை ஈரக் கையோடு ஒருத்தரையும் தொட விடாது.

நேசபாய் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறைகள் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்தாள். எட்சன் சாயா வாங்கி வந்து கொடுத்தான். வழக்கு தன் கண்ணெதிரே தலைகீழாகிப் போனதில் அவனுக்குக் கொஞ்சம் கோபம்.

அப்படியானால் கடுதாசிதான் பொய், அந்தப் பெண் சுத்தம், நல்லது, கிருஷ்ணமணிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றான்.

"பொறு மக்கா" என்றாள் நேசபாய். "நீ ஒரு பொய் சொல்லணும். அறுபத்து நாலு நாளு இருக்கு. அதுல அம்பத்து மூணு நாளு வள்ளம் போனதைக் கண்டவன் கிடையாது. பதினொரு நாளு போனதை ஊரே கண்டிருக்கு. போகவே இல்லைன்னு எந்த நாளைச் சொல்லுவே?"

எட்சன் டம்ளரை இறக்கினான்.

அவள் மெல்ல விளக்கினாள், அவனுக்கு என்பதைவிடத் தனக்கே. பொய் சொல்கிறவன் பிடிபடாத இடமாகப் பார்த்துத்தான் பொய் சொல்லுவான். இந்தக் கடிதத்தை எழுதியவர், பிடிபடுகிற இடமாகத் தேடித் தேடிப் பொறுக்கியிருக்கிறார். வெளியூர்க்காரன் படித்தால் ஞாயிற்றுக்கிழமை என்பதால் நம்பிவிடுவான். முட்டத்துக்கு வந்து ஒரு காலை நேரம் விசாரித்தால் பொய் என்று அம்பலமாகிவிடும். அதாவது விசாரணை தொடங்கவும் வேண்டும், விசாரணையில் அஜிஷா குற்றமற்றவர் என்று ஆகவும் வேண்டும். எதிரி அப்படி எழுதமாட்டான்.

இன்னொன்று. கிருஷ்ணமணி தந்த அறிக்கைப் பக்கத்தில் அறுபத்து நாலு தடவை என்று எண்ணிக்கைதான் இருக்கிறது, தேதிகள் இல்லை. அல்போன்ஸுக்குத் தேதி தெரியாது. கமிட்டி ஞாபகம் வைத்திருக்காது. பதினொன்றையும் ஒன்று விடாமல் எழுத ஒரே ஒரு நோட்டால்தான் முடியும்.

எட்சன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "தன்னைப் பத்தித் தானே மொட்டைக் கடுதாசியா?" என்றான். "எனக்க ஜாதகத்தைப் பத்தி நான்கூட அப்படி எழுதினதில்லையே மாமி."

அஜிஷா ஊருக்குள்ளேயே ஒரு மாடி அறையில் தங்கியிருந்தாள். படி செங்குத்தாக இருந்தது. நேசபாய் நடுவில் இரண்டு தடவை நின்று நின்று ஏறினாள். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், சுருக்க வெட்டிய முடி. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற குடும்பம் என்று பிறகு சொன்னாள். அறையின் மூன்று சுவர்களிலும் பலகை அடித்து, அதில் கண்ணாடிக் குப்பிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் கடலடிச் சேறு, ஒவ்வொன்றின் மேலும் சிறிய எழுத்தில் தேதி.

யார் என்று சொல்லிக்கொண்டதும் அஜிஷா உட்காரச் சொன்னாள். பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். தன் மேல் இப்படி ஒரு பழி போட்டவர் யாரென்று தனக்குத் தெரியவில்லை என்று நிதானமாகவே சொன்னாள்.

நேசபாய் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மக்களே, நான் முப்பத்திரண்டு வருஷம் மொட்டைக் கடுதாசி வாசிச்சவ. பழி போடுறவ 'சரிபார்க்கப்பட வேண்டும்'னு எழுத மாட்டா. அது உனக்குக் கை வந்த பழக்கம். அதை உன்னால விட முடியல."

அஜிஷா கடிதத்தைப் பார்த்தாள். மறுக்கப் போகிறாள் என்றுதான் எட்சன் நினைத்தான். அவள் எழுந்து போய், பலகையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து வந்து கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஆய்வின் முதல் மாதத்தில் எடுத்தது. அடியில் சிப்பித் தூளும் மணலும். இரண்டாவது கடைசி ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. பாதிக்கு மேல் கன்னங்கரிய களி. அந்தக் களி முட்டம் கடலுக்கு உரியதல்ல என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மேற்கே ஒரு தனியார் கப்பல் தளத்துக்காகக் கடலைத் தூர் வாருகிறார்கள். வாரிய சேற்றை வெகுதூரம் கொண்டுபோய் ஆழ்கடலில் கொட்ட வேண்டும் என்பது நிபந்தனை. டீசலை மிச்சம் பிடிக்க, பாதி வழியிலேயே கொட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். அது நீரோட்டத்தில் வந்து பார்களை மூடுகிறது. ஏற்கெனவே மூன்று பார்கள் செத்துவிட்டன. தூர் வாரும் கம்பெனி யாருடையது என்று அவளுக்கு ஆய்வு முடிகிற சமயத்தில்தான் தெரிந்தது. அறக்கட்டளையை நடத்துகிற அதே குடும்பத்துடையது.

அவள் போட்ட ஒப்பந்தத்தில், ஆய்வின் முடிவுகள் பணம் கொடுத்தவருக்குச் சொந்தம், அவர்கள் எழுத்தில் அனுமதிக்காமல் வெளியிடக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் அது பெரிதாகப் படவில்லை. எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதான் என்று நினைத்தாள். அறிக்கையை அனுப்பினாள். ஏழு மாதம் பதில் இல்லை. அனுமதி கேட்டு ஒன்பது கடிதம் எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று ஒரே ஒரு பதில் வந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து தூர் வாரும் வேலையின் இரண்டாவது கட்டம் தொடங்கப் போகிறது. அது முடியும்போது மிச்சமுள்ள ஐந்து பார்களும் போய்விடும்.

பல்கலைக்கழக விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் அவள் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஆய்வு நேர்மையில் புகார் வந்து குழு உட்கார்ந்துவிட்டால், எந்த ஒப்பந்தமும் செல்லாது. எல்லாக் குறிப்பேடுகளையும் மாதிரிகளையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். குழு பார்த்தது எல்லாமே பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

"நான் கள்ளின்னு எழுதினாத்தான் எனக்க நோட்டைத் தொறப்பாவ அக்கா. நல்லவன்னு எழுதினா பூட்டிருவாவ."

வெளியே மீன் ஏற்றப் போகும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

நேசபாய்க்கு முதலில் வந்தது கோபம்தான். இந்தப் பெண்ணுக்குத் தான் என்ன செய்திருக்கிறோம் என்று தெரியவில்லை என்று பட்டது. அவளுக்கு ஞானதாசன் சாரின் கதையைச் சொன்னாள். கேள்வித்தாளை வெளியே விட்டதாகப் புகார் வந்த ஆசிரியர். அவரை விசாரித்தது நேசபாய்தான். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பதினாலு மாதம் கழித்து எழுதிக் கொடுத்ததும் அவள்தான். அதற்குப் பிறகும் ஊரில் அவருக்குக் 'கேள்வித்தாள் சார்' என்றுதான் பெயர். அவர் செத்த அன்று வீட்டுக்கு வழி கேட்டவர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. புகார் வந்ததைப் பேப்பரில் போடுவார்கள். பொய் என்று ஆனதைப் போடமாட்டார்கள்.

அஜிஷா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரியும் என்றாள். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தாளாம். அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கும் அஞ்சுகிராமத்துக்குப் போன அன்றைக்குத்தான் போட முடிந்தது. போட்ட பிறகு பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்றும் பார்த்தாளாம். அம்மைக்கு இது ஒன்றும் தெரியாது. சொல்லவும் முடியாது, சொன்னால் நாலு பேரிடம் சொல்லி மகளைக் காப்பாற்றப் பார்ப்பாள், அதோடு எல்லாம் கெட்டுவிடும்.

"நீங்க உண்மையைச் சொல்லணும்னா சொல்லுங்க அக்கா. உங்களுக்க வேலை அதுதானே. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நேசபாய் படியிறங்கினாள். ஏறியதைவிட இறங்குவது கடினமாக இருந்தது.

தன் வேலை உண்மையைக் கண்டுபிடிப்பது என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது உண்மை கையில் இருந்தது. புகார் பொய், எழுதியது அஜிஷாவேதான் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அத்தனையும் உண்மை. கிருஷ்ணமணி நன்றி சொல்லுவார். அஜிஷாவை வேலையிலிருந்து நீக்குவார்கள். நோட்டுகளும் குப்பிகளும் ஒப்பந்தப்படி அறக்கட்டளையின் அறைக்குப் போகும். போலீசில் இருந்த காலத்தில் எத்தனையோ கோப்புகளின் கடைசியில், 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பலவற்றில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை. ஆனாலும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காத நாட்கள் உண்டு.

திரும்பும் வழியில் எட்சன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அது அவளுக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. ஏதாவது பேசடா என்று கேட்கலாமா என்றிருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து அவளே தட்டச்சு செய்தாள். நான்கு முறை எழுதிக் கிழித்தாள். ஐந்தாவதை எட்சனிடம் கொடுத்தாள்.

'கடிதத்தில் குறிப்பிட்ட பதினோரு நாட்களில் படகு கடலுக்குச் சென்றதா என்பதைச் சொல்லக்கூடிய சாட்சிகள் முட்டம் ஊரில் பலர் உள்ளனர். அவர்களை முறைப்படி விசாரித்துப் பதிவு செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆய்வுக் குறிப்பேடுகளோடும் மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்புகாரைத் தள்ளிவிடுவது முறையாகாது. ஆகவே வெளிக்குழு விசாரணை அவசியம் எனக் கருதுகிறேன். கடிதம் எழுதியவரின் பெயரை இவ்வறிக்கையில் நான் தரவில்லை. அதனால் எனக்குரிய கட்டணமும் வேண்டியதில்லை.'

எட்சன் இரண்டு முறை வாசித்தான். "ஒரு பொய்கூட இல்லை. உண்மையும் பிடி கொடுக்கலை" என்றான். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் வீணாப் போகலை மாமி."

கிருஷ்ணமணி தன் மேசையில் வைத்து அதை மெதுவாக வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். இதை அனுப்பினால் அந்தப் பெண்ணின் பேர் கெட்டுப் போகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள் நேசபாய்.

"அவளுக்குத் தெரியுமா?"

நேசபாய் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் விசிறியைப் பார்த்துப் பேசுகிற மனிதர், முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, மெல்லத் தலையை ஆட்டினார். அறையின் மூலையில் இருந்த இரும்பு அலமாரியைக் காட்டினார்.

"பத்து வருஷத்துல முப்பத்தொரு ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்திருக்கோம். நாலு அச்சுல வந்திருக்கு. மிச்சம் அதுக்குள்ள இருக்கு. சாவி எங்கிட்டதான்."

பிறகு அவர் அறிக்கையின் மேல் 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தினார். அறக்கட்டளையின் கடிதத்தோடு கல்லூரிக்கு ஒரு பிரதி இன்றைக்கே போகும் என்றார். சென்னையில் கேட்காமலா என்று அவள் கேட்டதற்கு, தனக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பதினோராம் நாள் பேப்பரில் வந்தது. 'கடல் ஆய்வில் மோசடி? பெண் விஞ்ஞானி மீது விசாரணை.' படத்தோடு போட்டிருந்தார்கள். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த படம், எவரையும் குற்றவாளியாகக் காட்டும் படம். எட்சன் அதைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்தான். நேசபாய் புரட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் புதிதாக ஒரு கல்யாண விசாரணை வந்திருந்தது. பெண்ணுக்கு ஏற்கெனவே யாரோடாவது பழக்கம் உண்டா என்று தெரிய வேண்டுமாம். அவர்களை வேறு ஆள் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மதியம் அஜிஷா ஃபோன் செய்தாள். அம்மை பேசுவதில்லை என்றாள். அவளோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருந்த இரண்டு பேர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அல்போன்ஸ் மட்டும் காலையிலேயே பேப்பரை எடுத்துக்கொண்டு, சாட்சி சொல்ல வாருங்கள் என்று கமிட்டிக்காரர்களிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்.

நேசபாய் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

குழுவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது என்றாள் அஜிஷா. எல்லா நோட்டுகளையும் எல்லா மாதிரிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

"பதினஞ்சு நாளு தந்திருக்காவ அக்கா. எனக்கு ஒரு ஆட்டோ போரும். சாயங்காலமே கொண்டு குடுத்திருவேன்."

நேசபாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குடு. ஆனா மொத்தமா ஒரு ரசீது வாங்கிட்டு வந்திராத, ஒண்ணு காணாமப் போனா கேக்க முடியாது. ஒவ்வொரு குப்பிக்கும் தனித்தனியா கையெழுத்து வாங்கணும். எத்தனை குப்பி இருக்கு?"

"நூத்தி இருபத்தெட்டு."

"நூத்தி இருபத்தெட்டு கையெழுத்து" என்றாள் நேசபாய். "போட்டு முடிக்கிற வரைக்கும் நீ அங்கேருந்து எழும்பாத. நானும் வாறேன்."